ஜீப்புக்குள் சிவப்புத் தண்ணீர்

லிங்கசாமி காலையில் ஜீப்பில் ஏறியதும் வழக்கம்போலத் தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பக்கத்துச் சீட்டில் போட்டார். தோட்டத்துக் கேட்டைத் திறக்க இறங்கும்போது அதை எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். வெள்ளைத் துண்டில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாக ஒரு திட்டு.

சீட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். ரெக்சின் தையல் வழியாகச் சிவந்த தண்ணீர் பிதுங்கிக்கொண்டு வந்தது. ஐப்பசி பிறந்து ஒரே ஒரு நல்ல மழைதான் பெய்திருந்தது. அதுவும் பெய்து ஒரு வாரத்துக்கு மேலாகிவிட்டது. மண் மறுபடியும் காய்ந்து வெளுத்துக் கிடந்தது. ஜீப் நின்றதோ தகரக் கொட்டகைக்குள். நேற்றுப் பொழுது சாயும் நேரத்தில்தான் மருமகன் ராஜவேல் அதைக் கொண்டுவந்து நிறுத்தி, சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமல் பஸ் ஏறிப் போயிருந்தான்.

லிங்கசாமி விரலை மூக்கருகே கொண்டுபோனார். புளித்த வாடை. அதற்கு உள்ளே சாய வாடை. அந்த வாடையை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அவிநாசிபாளையத்தை ஒட்டியிருந்த அவருடைய தோட்டத்துக் கிணறே அந்த வாடையைத்தான் அடித்துக்கொண்டிருந்தது. ஊருக்குத் தெரியாமல் லாரியில் சாயக்கழிவைக் கொண்டுவந்து ஓடையில் திறந்துவிட்டுப் போகிறவர்கள் யார் என்று கடைசிவரைக்கும் தெரியவில்லை. ஆனால் அதற்கப்புறம் தென்னையில் குரும்பை நிற்கவில்லை. தொட்டியில் தண்ணீர் காட்டினால் மாடுகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன. பக்கத்துத் தோட்டத்து மாரப்பனும் லிங்கசாமியும் இன்னும் சில விவசாயிகளும் சங்கமாகச் சேர்ந்து முறை வைத்து ஓடையைக் காவல் காத்தார்கள். கலெக்டர் ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்தார்கள்.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்த ஒரே மருமகன் வீரபாண்டியில் ஒரு சாயப்பட்டறையில் பங்குதாரன். மகள் மதுமதியைக் கட்டிக்கொடுத்தபோது கிணறு நன்றாக இருந்தது. கெட்டுப்போன பிறகு, ஒரு காதுகுத்து விருந்தில், உறவுக்காரர்கள் அத்தனை பேரும் பந்தியில் இருக்கும்போது லிங்கசாமி சொன்னார்: "இந்தத் தொழில் ஒரு நாளைக்கு உங்கள நடுத்தெருவுல நிறுத்திப்போடும் மாப்பிள்ளை. நான் சொல்றன், பாத்துக்குங்க." ராஜவேல் பாதிச் சோற்றில் இலையை மூடிவிட்டு எழுந்து போனான். அதிலிருந்து இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு அளந்துதான் நடந்தது.

இந்த ஆவணியில் அவனாகவே வந்து ஜீப்பைக் கேட்டான். "பல்லடம் பக்கம் துணி விஷயமாப் போக வரவேண்டியிருக்குதுங்க மாமா. வாரத்துக்கு ரெண்டு தடவ குடுத்தீங்கன்னாப் போதும்."

துணி விஷயமாகப் போகிறவனுக்கு ஜீப் எதற்கு என்று அன்றைக்கே அவர் மனத்தில் ஒரு முள் தைத்தது. மகள் முகத்துக்காகச் சாவியைக் கொடுத்தார்.

அந்த ஜீப் அறுபத்தி நாலாம் வருஷத்து மாடல். பட்டாளத்திலிருந்து ஏலத்தில் வந்து, கைமாறிக் கைமாறி, கடைசியில் திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர் ஒருவரிடம் இருந்தது. அவர் படுதாக் கூரையைக் கழற்றி எறிந்துவிட்டு இரும்புத் தகட்டில் கூரை அடித்து, உள்ளே பலகை வைத்து, அதற்கு ரெக்சின் போர்த்தி, மேலே சாமான் கட்ட ஒரு கேரியரும் பொருத்தியிருந்தார். லிங்கசாமி வாங்கி எத்தனையோ மழை பார்த்துவிட்டது. ஒரு நாளும் உள்ளே ஈரம் கண்டதில்லை. மருமகன் எடுத்துப்போக ஆரம்பித்த பிறகுதான் இந்த ஈரம். புரட்டாசியில் ஒரு தடவை சீட்டில் நீலமாக ஒரு பொட்டு இருந்ததும் இப்போது நினைவுக்கு வந்தது. பேனா மை என்று அப்போது விட்டுவிட்டார்.

துண்டைக் கொண்டுபோய் மனைவி ராமாயியிடம் காட்டினார்.

"மேல ஒழுகுதோ என்னமோங்க. பழைய வண்டிதானுங்களே," என்றாள் அவள்.

"ஒழுகறதுனா மழை பேஞ்ச அன்னிக்கு ஒழுகோணும். மழை விட்டு இத்தன நாள் கழிச்சு எப்படி ஒழுகும்? அப்படியே ஒழுகினாலும் மழைத்தண்ணி செவப்பாவா இருக்கும்?"

"அதுக்குன்னு நீங்களா ஒண்ணு நெனச்சுக்காதீங்க. பாத்துப்போட்டுப் பேசுங்க."

சரி, பார்த்துவிடுவோம் என்று லிங்கசாமி ஜீப்பைக் களத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். மோட்டாரைப் போட்டு, ஹோஸ் குழாயைக் கூரைமேல் கட்டிவிட்டு, தான் உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். தண்ணீர் தகரத்தில் தடதடவென்று கொட்டியது. கூரைப் பலகையை முன்னும் பின்னுமாகத் தடவினார். கண்ணாடி ஓரம், கதவு ஓரம், பின்மூலை எல்லாவற்றையும் கையால் துழாவினார். வியர்வையில் அவர் சட்டை நனைந்ததே தவிர, மேலிருந்து ஒரு பொட்டுத் தண்ணீர் விழவில்லை.

கீழே இறங்கும்போது அவருக்கு அது சந்தோஷமாக இல்லை. கூரை ஒழுகியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒழுகாத கூரைக்குக் கீழே சாயத்தண்ணீர் இருக்கிறதென்றால் அது சீட்டில் வைத்த எதிலிருந்தோதான் வழிந்திருக்க வேண்டும். ஜீப்பைத் தள்ளிக் கொட்டகையில் விட்டார். அன்றைக்குச் சந்தைக்கு மொபெட்டில்தான் போனார். அந்த வண்டியைத் தொடவே அவருக்குப் பிடிக்கவில்லை.

சந்தையில் மாரப்பன் அவரை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, உங்க ஜீப்பு நேத்து தாராபுரம் ரோட்டுல போச்சுங்களே. மாப்பிள்ளதான் ஓட்டுனாருங்களா?"

"தாராபுரம் ரோட்டுலயா?"

"ஆமாங்க. கேரியர்ல கருப்புக் குழாய் சுருள் சுருளாக் கட்டியிருந்துச்சு. உங்க தோட்டத்துக்காக்குமுன்னு நெனச்சன்."

பல்லடம் எங்கே, தாராபுரம் ரோடு எங்கே. லிங்கசாமி மனத்துக்குள் அடுக்கிப் பார்த்தார். குழாய், சாயத்தண்ணீர், பொய். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பட்டறைத் தொட்டியிலிருந்து கழிவை உறிஞ்சி ஏதோ ஓடையில் விடுகிற காட்சிதான் கண்ணில் வந்தது. அதுவும் தன் ஜீப்பில். விவசாயிகள் சங்கத்து ஆளுடைய வண்டியை எவன் சந்தேகப்பட்டு நிறுத்துவான் என்று கணக்குப் போட்டிருப்பான் பாவி என்று நினைத்தார்.

மாரப்பன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னங்க, ஒரு மாதிரி ஆயிட்டீங்க?"

சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் இவ்வளவு காலம் தோளோடு தோள் நின்ற மனிதரிடம் மறைப்பதும் திருட்டுத்தனமாகப் பட்டது. துண்டில் படிந்த சிவப்பை லிங்கசாமி சொல்லிவிட்டார். மாரப்பன் "உம்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

அடுத்த தடவை ராஜவேல் ஜீப்பெடுக்க வந்தபோது லிங்கசாமி கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து அவனுடைய ஒவ்வொரு அசைவையும் பார்த்தார். அவன் ஜீப்பில் ஏறும் முன் இடப்பக்கம் போய்ப் பக்கத்துச் சீட்டைக் கையால் தொட்டுப் பார்த்தான். பிறகு ஒரு கணம் இவரைத் திரும்பிப் பார்த்தான். குற்றமுள்ள பார்வை என்று இவருக்குத் தோன்றியது.

"பல்லடமுங்களா மாப்பிள்ளை?"

"ஆமாங்க மாமா."

"சக்கரத்துல வண்டல் மண்ணா ஒட்டியிருக்குது. பல்லடத்துல ஏது வண்டல்?"

ராஜவேல் சக்கரத்தைப் பார்த்தான். "வழியில எங்கியாச்சும் ஒட்டியிருக்குமுங்க," என்று சொல்லி வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கை கழுவும்போது லிங்கசாமியின் செல்போன் அடித்தது. மாரப்பன். "ஓடைப் பாலத்துக்கு வாங்க. உங்க வண்டிய நிறுத்தி வெச்சிருக்கறோம்."

போய்ப் பார்த்தால் பாலத்தை அடைத்துக்கொண்டு மொபெட்டுகள் குறுக்கே நின்றன. சங்கத்து ஆட்கள் நாலைந்து பேர் ஜீப்பைச் சுற்றி வளைத்திருந்தார்கள். பின் கதவு திறந்து கிடந்தது. ஒருவர் சீட்டைத் தூக்கி அடியில் பார்த்துக்கொண்டிருந்தார். கேரியரில் மாரப்பன் சொன்ன மாதிரியே கருப்புக் குழாய்ச் சுருள்கள். ராஜவேல் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நின்றான்.

"குழாய் எதுக்குன்னு கேட்டா வாயத் தொறக்கமாட்டீங்கறாருங்க," என்றார் மாரப்பன்.

லிங்கசாமியைக் கண்டதும் ராஜவேலின் முகம் சுண்டியது. "இவங்களுக்கு யாருங்க சொன்னது மாமா?"

மற்றவர்கள் எல்லாரும் லிங்கசாமியைப் பார்த்தார்கள். "நான்தான்," என்றார்.

ராஜவேல் போய் ஜீப்பின் இடப்பக்கக் கதவைத் திறந்து பிடித்தான். "ஏறுங்க. நான் எங்க போறன், என்ன பண்றன்னு நீங்களே வந்து பாத்துக்குங்க. இத்தன பேருக்கு முன்னால என்னால சொல்ல முடியாதுங்க."

மாரப்பன் குறுக்கே வந்தார். "நாங்களும் வரோம்."

"வேண்டாமுங்க," என்றார் லிங்கசாமி. "நான் பாத்துக்கறன்."

மொபெட்டுகள் விலகின. ஜீப் தாராபுரம் பக்கமாகத் திரும்பியது. லிங்கசாமி கால் கட்டைவிரலால் சீட்டுக்கடியில் துழாவினார். கேன் எதுவும் தட்டுப்படவில்லை. எங்காவது இறக்கி வைத்திருப்பான். போன தடவை கொண்டுபோன குழாயைப் பட்டறைச் சுவர் ஓரமாகப் புதைத்து விட்டிருப்பான். இப்போது எங்கேயோ கூட்டிக்கொண்டு போய் ஒன்றுமில்லாத ஒரு இடத்தைக் காட்டுவான். அவர் மனம் இப்படியே வண்டிக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

ரோடு ஒரு பள்ளத்தில் இறங்கும் இடத்தில் ஆட்டு மந்தை ஒன்று குறுக்கே வந்தது. ராஜவேல் பிரேக்கை அழுத்தி மிதித்தான்.

தலைக்கு மேலே "களக்" என்று ஒரு சத்தம். கூரைப் பலகையின் முன்னோரத்திலிருந்து ஒரு சொம்புத் தண்ணீரைக் கவிழ்த்த மாதிரி லிங்கசாமியின் தலையில் சிவப்பாகக் கொட்டியது. நெற்றி, மூக்கு, வெள்ளைச் சட்டை என்று வழிந்து மடியில் தேங்கியது.

ஆடுகள் கடந்து போயின. ஆட்டுக்காரப் பெண் ஜீப்புக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ, ரத்தமுங்களா?" என்றாள்.

"இல்லீங்க, தண்ணி," என்றான் ராஜவேல். வண்டியை ஓரங்கட்டினான்.

லிங்கசாமி முகத்தைத் துடைக்கக்கூட இல்லை. கதவைத் திறந்து இறங்கினார். பின்சக்கரத்தில் காலை ஊன்றி, அந்த வயதிலும் கேரியர்மேல் ஏறிவிட்டார். குழாய்ச் சுருள்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். சுருளுக்குள்ளே கையை விட்டார். சாயக் கேன் இல்லை, பாத்திரம் இல்லை. குழாயின் வாயை மூக்கில் வைத்து உறிஞ்சினார். புது பிளாஸ்டிக் வாடைதான் வந்தது. ஓரங்களில் வரிசையாகப் பொட்டுப் பொட்டாகத் துளை இருந்தது.

"சொட்டுநீர்க் குழாயுங்க மாமா," என்றான் ராஜவேல் கீழே நின்றபடி. "அமராவதி நகர் பக்கம் தோட்டங்களுக்குப் போட்டுக் குடுக்கறனுங்க. வாய்க்கா மேட்டுலயும் வண்டல்லயும் வேற வண்டி போகாது. அதுதான் ஜீப்பக் கேட்டது."

"அப்ப பட்டறை?"

"பங்கைப் பிரிச்சுக்கிட்டு வந்துட்டனுங்க. ஆடி மாசமே."

லிங்கசாமி கேரியரிலேயே உட்கார்ந்துவிட்டார். முகத்திலிருந்து சிவப்பு சொட்டிக்கொண்டிருந்தது. "மதுமதிக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க. உங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு நான்தான் சொல்லியிருந்தன்."

"ஏன் மாப்பிள்ளை? நான் சந்தோசப்பட்டிருப்பனே."

"நீங்க சந்தோசப்படுவீங்க. அதுக்கு முன்னால, நான் அன்னிக்கே சொன்னனேன்னு ஒரு வார்த்த சொல்லுவீங்க. பந்தியில சொன்னீங்கல்ல, அதே மாதிரி. அதக் கேக்கற தெம்பு எனக்கு இல்லீங்க மாமா. இந்தத் தொழில் கொஞ்சம் காலூனட்டும், அப்புறமேட்டுச் சொல்லிக்கலாமுன்னு இருந்தன்."

லிங்கசாமிக்குச் சொல்ல வாய் வந்தது உண்மை. அந்த வார்த்தை தொண்டைவரைக்கும் வந்து நின்றது. விழுங்கிக்கொண்டார்.

"இன்னொண்ணும் சொல்லிப்போடறன்," என்றான் ராஜவேல். "சீட்டு நனஞ்சு செவப்பா இருக்கறத நானும் பாத்தனுங்க. பக்கத்துல வெச்ச சோத்துப் பை செவந்து போச்சு ஒரு நாளைக்கு. நான் என்ன நெனச்சன்னா, நீங்கதான் கெணத்துத் தண்ணிய எடுத்து ஊத்தி வெக்கறீங்கன்னு நெனச்சன். எனக்குக் குத்திக்காட்டறதுக்கு."

அவன் காலையில் சீட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்த பார்வை இப்போதுதான் லிங்கசாமிக்குப் புரிந்தது.

ஆனாலும் சந்தேகம் என்பது ஒரே நாளில் இறங்கிவிடுகிற காய்ச்சல் அல்ல. குழாய் சரி. பங்கைப் பிரித்ததும் சரி. மழையில்லாத நாளில் கூரைக்குள்ளிருந்து சாயம் எப்படிக் கொட்டும்? அதற்கு இவன் பதில் சொல்லவில்லையே என்று வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் மேலே பார்த்துக்கொண்டே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதுமதியையும் கூட்டிக்கொண்டு ராஜவேல் வந்தான். மதுமதி அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பாலத்தில் நடந்தது அவளுக்குத் தெரிந்திருந்தது. நேராக ஜீப்புக்குள் ஏறிக் கூரைப் பலகையைத் தட்டிப் பார்த்தாள். முன்பக்கம் மத்தளம் மாதிரிச் சத்தம் வந்தது. நடுவில் ஈரச் சுவரைத் தட்டின மாதிரி "தொத் தொத்" என்றது.

"உள்ளுக்கு என்னமோ இருக்குதுங்கப்பா. பிரிச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

திருப்புளியைப் போட்டால் ஒரு திருகும் அசையவில்லை. துருவேறித் தகட்டோடு ஒன்றாகியிருந்தன. ராஜவேல் ஒவ்வொன்றின் தலையையும் உளி வைத்து வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. லிங்கசாமி அதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். இந்தத் திருகுகளைப் பல வருஷமாக ஒருவரும் தொடவில்லை என்பதற்கு அந்தத் துருவே சாட்சி. அவர் மனத்தில் மிச்சமிருந்த சந்தேகம் அங்கேதான் கரைந்தது. ஒரு திருகு தெறித்து அவர் காலடியில் விழுந்தது. அதை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார்.

கடைசித் திருகு போனதும் பலகை மளாரென்று சாய்ந்தது. அதோடு ஊறிப்போன ஒரு பெரும் பொதி மதுமதியின் மேலும் ராஜவேலின் மேலும் விழுந்தது. மூக்கைப் பிடிக்கும் நாற்றம். மதுமதி அதிலிருந்து ஒரு நுனியைப் பிடித்து இழுத்தாள். நீளமாக வந்தது. சிவப்புப் பனியன் துணி. கட்டிங் மேஜையில் ஓரமாக விழுகிற வேஸ்ட். ஊறி, அழுகி, கருப்பாகப் பூஞ்சை பிடித்திருந்தது. பெரும்பாலும் சிவப்பு, நடுநடுவே நீலம்.

வெயில் உள்ளே இறங்காமல் இருக்க, பழைய சொந்தக்காரர் பஞ்சுக்குப் பதிலாகத் தன் கம்பெனி வேஸ்டையே தகட்டுக்கும் பலகைக்கும் நடுவில் திணித்து மூடியிருக்கிறார். அது இத்தனை வருஷமாக உள்ளே உலர்ந்து கிடந்திருக்கிறது. எப்போது தகட்டில் ஓட்டை விழுந்ததோ, அப்போதிலிருந்து மழைத்தண்ணீரைக் குடித்துக் குடித்து வைத்துக்கொண்டது. சமமாக நிற்கும்போது ஒரு சொட்டு விடவில்லை. இடப்பக்கம் சரிந்த ரோட்டில் ஓடும்போது கூரையைத் தாங்கும் இடது தூண் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து சீட்டில் இறங்கியது. பிரேக் பிடித்தால் முன்னோரத்தில் கொட்டியது.

"எல்லாருக்கும் பனியன் தெச்ச கம்பெனிக்காரரு வண்டிக்கும் உள்பனியன் போட்டு விட்டிருக்கறாரு," என்று மதுமதி சொன்னாள். ராஜவேல் சிரித்தான். லிங்கசாமிக்குச் சிரிப்பு வரவில்லை.

"அன்னிக்கு ஹோஸ் வெச்சு நான் ஊத்துனன்," என்றார் அவர். "அத்தனையும் இதுதான் குடிச்சிருக்குது. எந்தலையில கொட்டுனது நான் ஊத்துன தண்ணி."

இனி ஓட்டையைக் கண்டுபிடிக்க வேண்டும். ஜன்னல்களையெல்லாம் கம்பளியால் மறைத்துவிட்டு உச்சி வெயிலில் லிங்கசாமி உள்ளே மல்லாந்து படுத்தார். இருட்டில் கண் பழகியதும், தகடுகள் சேரும் ஓரத்தில் ஊசி குத்தின மாதிரி வெளிச்சப் பொட்டுகள் தெரிந்தன. மதுமதி துணியில் கோடு போடும் சாக்கட்டியை நீட்டினாள். ஒவ்வொன்றையும் வட்டம் போட்டு வைத்தார். ஆனால் அந்தப் பொட்டுகள் இவ்வளவு தண்ணீரை விடுகிற அளவுக்குப் பெரிதில்லை. ராஜவேலுக்கும் அப்படித்தான் பட்டது.

"வெளிச்சம் தெரியற எடத்துல மட்டுந்தான் ஓட்டையின்னு இல்லீங்களே மாமா. போல்ட்டு அடச்சுட்டு நிக்கற எடமும் இருக்குது."

உள்தகட்டைத் துடைத்துக் காயவிட்டு, சாக்கட்டியைத் தேய்த்து முழுக்க வெள்ளையாக்கினார்கள். அப்புறம் ராஜவேல் மேலே ஏறி, கீழ் ஓரத்திலிருந்து ஆரம்பித்துச் சொம்புத் தண்ணீரை இடம் இடமாக ஊற்றிக்கொண்டே வந்தான். கீழே தொடங்கினால்தான் எந்த இடத்தில் நனைகிறது என்று பிரித்துச் சொல்ல முடியும். மேலேயிருந்து ஊற்றினால் எல்லா ஓட்டையும் ஒன்றாக நனைந்து குழம்பிப்போகும்.

"இங்கெ?"

"இல்ல."

"இங்கெங்க?"

"ஒண்ணுமில்ல. அக்கட்டாலப் போங்க."

கேரியரின் முன் இடது காலில் ஊற்றியதும் லிங்கசாமி கையை உயர்த்தினார். வெள்ளைப் பூச்சில் போல்ட்டைச் சுற்றி ஒரு கரிய வளையம் பூத்தது. அதிலிருந்து ஒரு கோடு கிளம்பி, பாம்பு ஊர்வது போல் முன்பக்கமாக ஓடியது. "நிறுத்துங்க. இங்கெதான்."

போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் ரப்பர் வாஷர் என்று ஒன்று இருந்த அடையாளமே இல்லை. நசுங்கிப் பொடியாகியிருந்தது. அதைச் சுற்றித் தகடு கீழே குழிந்து, மழை வந்து நிற்பதற்கு ஒரு கிண்ணம் மாதிரி ஆகியிருந்தது. குழாய்ச் சுமையின் பாரம். ராஜவேல் அந்தக் குழியை விரலால் தடவினான்.

"நான் கட்டுன சுமைதானுங்க மாமா. நீங்க சந்தேகப்பட்டதுல இந்த மட்டும் நெசம்."

"அந்த மட்டுந்தான்," என்றார் லிங்கசாமி.

கேரியரை இறக்கினார்கள். குழிந்த தகட்டை உள்ளேயிருந்து மரச்சுத்தியால் தட்டி எடுத்தார்கள். துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடித்தார்கள். லாரி டியூபை வெட்டிப் புது வாஷர் செய்து, மேலும் கீழும் அகலமான இரும்பு வாஷர் கொடுத்துக் கேரியரைத் திரும்ப ஏற்றி முடுக்கினார்கள். ஊசி ஓட்டைகளை எம்சீல் வைத்து அடைத்தார்கள். ராமாயி கொண்டுவந்த காப்பி ஆறிப்போய் மறுபடி சுட வைக்க வேண்டியிருந்தது. எல்லாம் இறுகிய பிறகு மறுபடியும் ஹோஸ் வைத்தால், பின்மூலையில் ஒரு சொட்டு. எங்கிருந்து வருகிறது என்று தேடித் தேடி அலுத்துப்போய், கடைசியில் பின் விளக்குக்கு வயர் போகிற துளை என்று கண்டுபிடித்தவள் மதுமதி. அதையும் அடைத்தார்கள்.

பூஞ்சை பிடித்த பொதியைக் கொண்டுபோய்க் குப்பைமேட்டில் எரித்தபோது ராமாயி தன் கணவர் பக்கத்தில் வந்து நின்றாள். "மாரப்பன்கிட்டப் போய்ச் சொல்லிப்போடுங்க. ஊரெல்லாம் பேச்சாயிருக்குது."

அடுத்த நாள் லிங்கசாமி போனார். மாரப்பன் தோட்டத்துத் தொட்டிமேட்டில் வேறு இரண்டு சங்கத்து ஆட்களும் இருந்தார்கள். எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். தன் வாயால்தான் இது கிளம்பியது, தான்தான் தவறாக நினைத்துவிட்டேன் என்றும் சொன்னார். அவர்கள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

"பனியன் வேஸ்டுங்களா," என்றார் மாரப்பன் கடைசியில். "அதயும் எரிச்சுப்போட்டீங்க."

"ஆமாங்க."

"வெச்சிருந்தீங்கன்னா நாங்களும் பாத்திருப்போம்." மாரப்பன் ஒரு குச்சியால் மண்ணைக் கீறினார். "நீங்க மாப்பிள்ளைக்காகப் பேசறது தப்பில்லீங்க. யாரா இருந்தாலும் பேசத்தான் செய்வாங்க. புள்ள வாழோணுமல்லங்க."

அந்தக் குரலில் கோபம் இல்லை. மரியாதைதான் இருந்தது. கேட்டதையெல்லாம் ஒரு மூலையில் வைத்துவிட்டு, தான் நினைத்ததையே நினைத்துக்கொண்டிருக்கிற ஒரு மனிதனின் குரல். இத்தனை நாளும் தன் தொண்டையில் இருந்த குரல் என்று லிங்கசாமிக்குப் பட்டது. ஓட்டை எங்கே என்று தெரிந்தால் எம்சீல் வைக்கலாம். இதை எங்கே போய் அடைப்பது? எழுந்து வந்துவிட்டார்.

அந்த வாரம் ராஜவேல் ஜீப்பெடுக்க வந்தபோது மாமனார் சட்டையும் துண்டுமாக வாசலில் தயாராக நின்றார்.

"எங்கீங்க மாமா கெளம்பிட்டீங்க?"

"உங்ககூடத்தான். அமராவதி நகர் வரைக்கும்."

ராஜவேல் தயங்கினான். "இன்னும் நம்பிக்கை வரலீங்களா?"

"எனக்கு வந்திருச்சு. பாக்கறவங்களுக்கு வரட்டும். நான் முன்னால உக்காந்திருந்தா என்ன பேசறாங்கன்னு பாக்கலாம்."

இவர்கள்தான் பாலத்தில் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றவர்கள் என்று சொன்னால் அன்றைக்கு யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அமராவதி நகர் தோட்டம் ஒன்றில் ராஜவேல் குழாய் விரிக்க, லிங்கசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுநுனியைப் பிடித்தார். தோட்டக்காரர், "உங்க கம்பெனி ஆளுங்களா?" என்று கேட்டார். ராஜவேல் வாய் திறப்பதற்குள் லிங்கசாமியே சொன்னார்: "இல்லீங்க. இவரு எம்பட மாப்பிள்ளைங்க. தொழில் எப்படிப் பண்றாருன்னு பாக்க வந்தன்."

வேலை முடியாததால் மறுநாளும் போனார். அதற்கடுத்த நாளும் போனார். நடுவில் ஒரு நாள் நல்ல மழை பிடித்தது. ஜீப்புக்குள் ஒரு சொட்டு விழவில்லை. ஆனால் உள்பலகை இல்லாத மொட்டைத் தகட்டில் மழை விழுகிற சத்தத்தில் இருவரும் கத்திக் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

திரும்பும் வழியில் ஓடைப் பாலத்தில் மாரப்பன் தன் மொபெட்டை நிறுத்திவிட்டு, மழைக்குத் தலையில் சாக்கைக் கொங்காணியாக மடித்துப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். ஓடையில் தண்ணீர் என்ன நிறத்தில் போகிறது என்று பார்க்கிறார் போலும். ஜீப் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். பார்வை நேராகக் கேரியருக்குப் போனது. பிறகு முன்சீட்டில் இருந்த லிங்கசாமிக்கு இறங்கியது.

லிங்கசாமி கையை உயர்த்தினார். மாரப்பன் உயர்த்தவில்லை.

"நிறுத்தட்டுங்களா மாமா?"

"வேண்டாம். நனஞ்சுட்டு நிக்கறாரு, இப்பப் பேசினா ஏறாது." லிங்கசாமி கண்ணாடியில் படிந்த ஆவியைத் துண்டால் துடைத்தார். "நாளைக்கும் இந்த வழியாத்தான வருவோம். அவரும் நின்னு பாக்கட்டும். அப்புறமேட்டு நிறுத்திப் பேசிக்கலாம்."